கிளாசிக் மாடல் காரின் பிரேக் விளக்கு பின்னால் வருபவர் கண்ணில் பட: முழுமையான வழிகாட்டி

வடசென்னை மணலியில் ஒரு கல்யாண ஊர்வலத்தை முடித்துவிட்டு ராத்திரி பத்தரை மணிக்குத் திருவொற்றியூர் திரும்பிக்கொண்டிருந்தேன். எண்ணூர் விரைவுச் சாலையில் வழக்கம்போலத் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் வரிசை. முன்னால் போன வண்டி நின்றது, நானும் நின்றேன். பின்னால் ஏர் பிரேக் சீறியது. கண்ணாடியைப் பார்த்தால் ஒரு லாரியின் முன் கிரில் மட்டும் தெரிந்தது, வேறெதுவும் தெரியவில்லை. டிரைவர் இறங்கி வந்தார்.

"இன்னா சார், பிரேக் லைட்டே எரியல?"

"எரியுதுண்ணா, பாருங்க." பெடலில் இருந்து காலை எடுக்காமல் சொன்னேன்.

குனிந்து பார்த்தார். "எரியுதுதான். ஆனா எரிஞ்சா இன்னா, எரியாட்டி இன்னா?"

நம்பாவிட்டால் மேலே ஏறிப் பார் என்றார். தம்பியைப் பெடலில் உட்காரவைத்துவிட்டு ஏறினேன். அவர் சீட்டிலிருந்து பார்த்தால் என் காரின் ஸ்டெப்னியின் மேல் பாதி தெரிந்தது. அதற்குக் கீழே இருப்பதை எல்லாம் அவர் டேஷ்போர்டு மறைத்துவிட்டது. முழங்கால் உயரத்தில் இருந்த என் இரண்டு சிவப்பு விளக்குகளும் அவரைப் பொறுத்தவரை இல்லவே இல்லை. லாரியைக் கொஞ்சம் பின்னால் எடுத்த பிறகு விளக்குகள் தெரிந்தன. ஆனால் தம்பி பிரேக்கை அழுத்துகிறானா விடுகிறானா என்று என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை.

என் கார் எம்.ஜி. டி.டி. ஜாடையில் செய்த மாதிரி வண்டி. அசல் டி.டி. 1950 முதல் 1953 வரை இங்கிலாந்தில் தயாரானது. என்னுடையது அதன் உருவம் மட்டும்தான். மேலே ஃபைபர் பாடி, கீழே பழைய ஜீப் சேஸ், பின்னால் நெட்டுக்குத்தாக ஸ்டெப்னி, மட்கார்டு மேல் உள்ளங்கை அளவுகூட இல்லாத வட்ட விளக்குகள். அழகுக்குக் குறைவில்லை. 1930களில் பல கார்களுக்குப் பின்னால் ஒரே ஒரு விளக்குதான் இருந்தது, அன்றைய சாலைக்கு அது போதும். நம் மணலி ரோட்டுக்குப் போதாது.

அந்த ராத்திரிக்குப் பிறகு ஒரு மாதம் இதையே நோண்டிக்கொண்டிருந்தேன். தண்டையார்பேட்டையில் எனக்குத் தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒருவர் கூட இருந்தார். செய்த வேலைகளைச் செய்த வரிசையிலேயே எழுதுகிறேன். உங்கள் வண்டி வேறு ஜாடையாக இருந்தாலும் முக்கால்வாசி அப்படியே பொருந்தும்.

எரிவது வேறு, தெரிவது வேறு

பிரேக் விளக்கு தெரியவில்லை என்றதும் எல்லோரும் செய்வது பெரிய வாட் பல்பு மாட்டுவது. நானும் முதலில் அதைத்தான் நினைத்தேன். ஆனால் பின்னால் வருபவரின் கண் கவனிப்பது மாற்றத்தை. மங்கலாக எரிந்துகொண்டிருந்த சிவப்பு சட்டென்று பல மடங்கு கூடினால்தான் மூளை "பிரேக்" என்று எடுத்துக்கொள்ளும். அமெரிக்க விதியில், ஒரே விளக்கு டெயில் (ராத்திரியில் எப்போதும் எரியும் பின் விளக்கு), பிரேக் என்று இரண்டு வேலையும் செய்யும்போது பிரேக் வெளிச்சம் டெயில் வெளிச்சத்தைப்போல நேர்ப் பார்வையில் குறைந்தது ஐந்து மடங்கு இருக்கவேண்டும். சாதாரண இரட்டை இழை பல்பில் டெயிலுக்கு 5 வாட், பிரேக்குக்கு 21 வாட் என்று வைத்திருப்பதும் இந்த வித்தியாசத்துக்காகத்தான்.

ஆகவே டெயில் விளக்கைப் பளிச்சென்று ஆக்குபவர் தன் பிரேக் விளக்கைத்தான் மங்கலாக்கிக்கொள்கிறார். விளக்கைச் சுற்றிச் சிவப்பு எல்.இ.டி. பட்டையை ஒட்டி ராத்திரி முழுக்க எரியவிடும் பழக்கம் கல்யாண வண்டிகளில் அதிகம். போட்டோவுக்கு நன்றாக இருக்கும். அதற்கு நடுவில் பிரேக் போட்டால் எவருக்கும் தெரியாது. என் வண்டியிலும் அந்தப் பட்டை இருந்தது, முதலில் பிய்த்துப் போட்டது அதைத்தான்.

கை வைக்கும் முன்

சட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவும், அதையொட்டி 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பும் வண்டியின் அமைப்பை ஆர்.சி.யில் உள்ளதற்கு மாறாக மாற்றக்கூடாது என்கின்றன. உங்கள் வண்டியின் பாடி மாற்றம் ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஏறவில்லை என்றால் விளக்கு அப்புறம், ஆர்.டி.ஓ. அலுவலகம் முதலில். விளக்கைப் பொறுத்தவரை, இண்டிகேட்டர், ரிவர்ஸ் விளக்கு, நம்பர் பிளேட் விளக்கு போன்றவை போகப் பின்பக்கம் சிவப்பு மட்டும்தான் காட்டலாம். நீலம், ஊதா எல்லாம் வேண்டாம். பிரேக் போட்டால் மினுக்கி மினுக்கி எரியும் மாடலும் வேண்டாம். ஐரோப்பிய விதியில் விளக்கு மினுக்க அனுமதி உண்டு, ஆனால் மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் போகும்போது அவசரமாகப் பிரேக் அடித்தால் மட்டும். சிக்னலில் நிற்கும்போதெல்லாம் மினுக்கினால் பின்னால் இருப்பவருக்கு எரிச்சல்தான் வரும்.

தேவையான சாமான்கள் அதிகமில்லை. ஒரு மல்டிமீட்டர், உப்புத்தாள், வாஸ்லைன், 1 மற்றும் 1.5 சதுர மில்லிமீட்டர் வயர், திம்பிள்கள் (வயர் நுனியில் மாட்டும் உலோக முனைகள்), ஸ்லீவ், 10 ஆம்பியர் ஃபியூஸ் ஹோல்டரோடு, நான்கு கால் ரிலே (சின்னக் கரண்ட்டைக் கொண்டு பெரிய கரண்ட்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) ஒன்று. ரிலேயும் திம்பிளும் ஜி.பி. ரோட்டில் வாங்கினேன். எல்.இ.டி. சமாச்சாரங்களுக்கு ரிச்சி தெரு. பழைய விளக்குக் கூடு, கண்ணாடி உடைந்திருந்தால் புதுப்பேட்டையில் அரை நாள் அலைந்தால் ஜோடி கிடைக்கலாம்.

முதல் வேலை: பல்பைக் கழற்றிப் பாருங்கள்

காசு செலவில்லாத வேலை இதுதான். எனக்கு அதிகப் பலன் தந்ததும் இதுதான், சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

டெயிலுக்கும் பிரேக்குக்கும் சேர்த்து ஒரே பல்பு போடும் வண்டிகளில் கடையில் "டபுள் பாயின்ட் பல்பு" என்று கேட்போமே, 1157 என்றும் சொல்வார்கள், அதுதான் இருக்கும். அதன் பித்தளைக் கழுத்தைப் பாருங்கள். இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் குட்டிக் காதுகள் ஒன்று மேலேயும் மற்றது சற்றுக் கீழேயும் இருக்கும். பல்பைத் திருப்பி மாட்டிவிடக்கூடாது என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். ஆனால் ஹோல்டர் தேய்ந்து தளர்ந்திருந்தாலோ, யாராவது அவசரத்தில் அழுத்தித் திணித்திருந்தாலோ தலைமாறி உட்கார்ந்துவிடும். அப்போது 21 வாட் இழை டெயிலாக எரியும், பிரேக் அழுத்தினால் 5 வாட் மட்டும் கூடும்.

என் வண்டியின் வலது பக்கம் இப்படித்தான் இருந்தது. எத்தனை மாதமாக என்று தெரியாது. டெயில் எரியும்போது நன்றாகப் பளிச்சென்று இருந்ததால் "வலது பக்க விளக்கு சூப்பர்" என்று நானே நினைத்திருக்கிறேன். அண்ணன் பல்பைக் கழற்றி ஹோல்டரைக் காட்டினார். ஒரு காது உட்காரும் பள்ளத்தை ஆணியால் நெம்பி அகலமாக்கி வைத்திருந்தார்கள். பல்பின் அடியில் பச்சைக் களிம்பு.

"கடலு பக்கத்துல வண்டிய போட்டா இதான் தம்பி. ஆறு மாசத்துக்கு ஒரு தடவ கழட்டித் தேய்க்கணும்," என்றார்.

திருவொற்றியூர், காசிமேடு, எண்ணூர் பக்கம் வண்டி நிற்கிறது என்றால் இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உப்புக் காற்றில் பித்தளைத் தொடுமுனைகள் களிம்பேறிவிடும். நைஸ் உப்புத்தாளால் தேய்த்து, துடைத்து, விரல் நுனி வாஸ்லைன் தடவி மாட்டுங்கள். ஹோல்டர் ஸ்பிரிங் செத்திருந்தால் தேய்த்துப் பயனில்லை, புது ஹோல்டர் போடுங்கள்.

இரண்டாவது: வோல்ட் எங்கே தொலைகிறது?

பேட்டரியில் 12.6 வோல்ட் இருக்கிறது என்பதற்காகப் பல்புக்கும் அவ்வளவும் போய்ச்சேரும் என்று நினைக்காதீர்கள். இழை பல்புக்கு ஒரு குணம் உண்டு. வோல்ட் கொஞ்சம் குறைந்தால் வெளிச்சம் மிக அதிகமாகக் குறையும், ஏறக்குறைய வோல்ட்டின் 3.4-ஆவது அடுக்குக் கணக்கில். என் வண்டியில் எஞ்சின் அணைந்திருக்கும்போது பேட்டரியில் 12.6, பல்பில் 10.4. போனது 2.2 வோல்ட்தான். வெளிச்சத்தில் கணக்குப் போட்டால் கிட்டத்தட்டப் பாதி போய்விட்டது.

அளக்கும் விதம் இப்படி. ஒருவரைப் பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். பல்பு எரிந்துகொண்டிருக்கவேண்டும். பல்பைக் கழற்றிவிட்டு அளந்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே காட்டும், ஏமாந்துபோவீர்கள். மீட்டரை 20 வோல்ட் டி.சி.யில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரி பிளஸ்ஸிலும் மறுமுனையைப் பல்பு ஹோல்டரின் பிரேக் பாயின்ட்டிலும் வையுங்கள். மீட்டர் காட்டுவது வழியில் தொலைந்த வோல்ட். அப்புறம் ஒரு முனையைப் பல்பின் பித்தளைக் கழுத்திலும் மற்றதைப் பேட்டரி மைனஸிலும் வையுங்கள். அது எர்த்தில், அதாவது கரண்ட் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் வழியில் தொலைந்தது. கடைசியாகப் பிரேக் சுவிட்சின் இரண்டு காலுக்கும் நடுவில் அளந்தால் சுவிட்ச் தின்றது தெரியும்.

எனக்கு வந்த கணக்கு: சுவிட்சில் 1.1, எர்த்தில் 0.8, வயரில் 0.3. வயரை மட்டும் தடிமனாக மாற்றியிருந்தால் எதற்கும் உதவியிருக்காது என்பது இந்த மூன்று எண்களிலேயே தெரிந்துவிட்டது. 21 வாட் பல்பு இரண்டும் சேர்ந்து இழுப்பது மூன்றரை ஆம்பியர் சுற்றுதான். அதற்கு 1 சதுர மில்லிமீட்டர் வயரே தாங்கும். திருடன் எப்போதும் இணைப்புகளில்தான் உட்கார்ந்திருப்பான்.

மூன்றாவது: ஃபைபர் பாடியில் எர்த்து கிடையாது

மாதிரி வண்டிகளுக்கே உரிய வியாதி இது. இரும்பு பாடி வண்டியில் விளக்கை போல்ட் போட்டு இறுக்கினாலே எர்த்து கிடைத்துவிடும். ஃபைபரில் மின்சாரம் ஓடாது. வண்டி கட்டியவர்கள் விளக்குக் கூட்டிலிருந்து ஒரு மெல்லிய வயரை எடுத்து, அதை இண்டிகேட்டர், நம்பர் பிளேட் விளக்கு எல்லாவற்றோடும் சேர்த்து முறுக்கி, சேஸில் எங்கோ ஒரு துருப்பிடித்த ஸ்குரூவில் மாட்டியிருப்பார்கள்.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். பிரேக்கை அழுத்திக்கொண்டே இண்டிகேட்டர் போடுங்கள். இண்டிகேட்டர் மினுக்கும்போது பிரேக் விளக்கும் கூடவே மங்கி மங்கி எரிந்தால் எர்த்து சரியில்லை. போக வழி தெரியாத மின்சாரம் பக்கத்து விளக்கின் வழியாகத் திரும்பப் பார்க்கிறது.

தீர்வு: ஒவ்வொரு பின் விளக்கிலிருந்தும் தனித்தனியாக 1.5 சதுர மில்லிமீட்டர் கறுப்பு வயர். இரண்டையும் சேஸில் ஒரே இடத்தில், பெயின்ட்டைச் சுரண்டிப் பளபளவென்று இரும்பு தெரியும் இடத்தில், திம்பிள் போட்டு, பல் வாஷரோடு இறுக்குங்கள். இறுக்கிய பிறகு மேலே வாஸ்லைனோ கிரீஸோ தடவிவிடுங்கள், உப்புக் காற்று உள்ளே போகாது. பேட்டரி மைனஸிலிருந்து சேஸுக்கு வரும் தடித்த பட்டையையும் ஒருமுறை கழற்றித் தேய்த்து மாட்டுங்கள். வயரை விரலால் முறுக்கி டேப் சுற்றும் வேலை மட்டும் வேண்டாம், ஒரு மழைக்காலம் தாங்காது.

நான்காவது: சுவிட்ச், அதன் சோம்பேறித்தனம்

பழைய ஜீப் சேஸ்களில் பிரேக் சுவிட்ச் மாஸ்டர் சிலிண்டரோடு சேர்ந்திருக்கும். பிரேக் ஆயிலின் அழுத்தம் ஏறினால்தான் உள்ளே தொடுமுனை சேரும். வயதாக ஆக அதற்கு அதிக அழுத்தம் தேவைப்படும். லேசாகப் பிரேக்கைத் தொட்டு வேகத்தைக் குறைக்கும்போது விளக்கே எரியாது, நன்றாக மிதித்த பிறகு எரியும். ஊர்வலத்தில் நடந்துவரும் கூட்டத்துக்கு முன்னால் மெதுவாக ஓட்டும்போதுதான் இது தெரியவந்தது. வண்டி நின்றே விட்டது, விளக்கு எரியவில்லை.

அதே மாதிரி ஆயில் சுவிட்சையே புதிதாக வாங்கிப் போடலாம். கழற்றினால் ஆயில் வெளியே வரும், காற்று உள்ளே போகும். மறுபடி ஏர் எடுக்காமல் வண்டியை எடுக்கவே கூடாது. நான் செய்தது வேறு. ஆயில் சுவிட்சை அதன் இடத்திலேயே விட்டுவிட்டு, பெடல் தண்டுக்கு எதிரே ஒரு சின்ன எல் பட்டா அடித்து, கார்களில் வரும் பிளஞ்சர் சுவிட்சை மாட்டினேன். பெடல் ஓய்வில் இருக்கும்போது சுவிட்சின் மூக்கை அழுத்திக்கொண்டிருக்கும். கால் வைத்ததும் மூக்கு வெளியே வரும், விளக்கு எரியும். பெடல் ஒரு விரல் அகலம் இறங்குவதற்குள், அதாவது பிரேக் பிடிக்க ஆரம்பிக்கும் முன்பே எரியும்படி நட்டைத் திருகி அட்ஜஸ்ட் செய்யுங்கள்.

அளவுக்கு மீறிப் பின்னால் தள்ளிவிட்டால் காலை எடுத்தாலும் விளக்கு அணையாது. பல வண்டிகளில் பிரேக் விளக்குக்குச் சாவி போடாமலே கரண்ட் வரும். காலையில் பேட்டரி காலி. எனக்கு ஒருமுறை ஆயிற்று. நல்ல முகூர்த்த நாள் பார்த்து.

ஐந்தாவது: ரிலே

விளக்குக்குப் போகும் மொத்தக் கரண்ட்டும் சுவிட்ச் வழியாகப் போவதால்தான் சுவிட்ச் கருகுகிறது. நடுவில் ஒரு ரிலே போட்டால் சுவிட்சுக்குச் சின்ன வேலை, ரிலேவுக்குப் பெரிய வேலை. ரிலேயின் கால்களில் எண் போட்டிருக்கும்.

30: பேட்டரி பிளஸ்ஸிலிருந்து, 10 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக, 1.5 வயர். ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்கவேண்டும்.
87: பிரேக் விளக்குகளுக்கு.
86: பிரேக் சுவிட்சிலிருந்து முன்பு விளக்குக்குப் போன வயர்.
85: எர்த்து.

உள்ளேயே டயோடு வைத்த ரிலே என்றால் 85-ஐயும் 86-ஐயும் மாற்றிக் கொடுக்காதீர்கள், டயோடு போய்விடும். ரிலேயைக் கால்கள் கீழே பார்க்கும்படி மாட்டினால் தண்ணீர் தேங்காது. ஒரு குறையையும் சொல்லவேண்டும்: இந்த ஒரு ரிலே செத்தால் எல்லா பிரேக் விளக்கும் சேர்ந்து போகும். அதனால் ஹாரனுக்கும் அதே மாதிரி ரிலேயைப் போட்டு வைத்திருக்கிறேன். வழியில் தகராறு என்றால் பிடுங்கி மாற்றிக்கொள்ளலாம். ஹாரன் இல்லாமல் நம் ஊரில் வண்டி ஓட்டுவது வேறு பிரச்சினை, அதை வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்வோம்.

எல்லாம் முடிந்து மறுபடி அளந்தபோது பல்பில் 12.2 வோல்ட். பல்பு அதே பழைய பல்பு. அண்ணன் பெடலை அழுத்த, நான் பின்னால் நின்று பார்த்தேன், வேறு வண்டி மாதிரி இருந்தது.

ஆறாவது: கூட்டுக்குள், கண்ணாடியில், எல்.இ.டி. ஆசையில்

விளக்குக் கூட்டின் உட்புறம் பல்புக்குப் பின்னால் பளபளப்பாக இருக்கவேண்டும். என்னுடையதில் வெள்ளிப் பூச்சு உரிந்து தவிட்டு நிறமாகியிருந்தது. ஒட்டும் அலுமினியத் தாளை வட்டமாக வெட்டி ஒட்டினேன். பல்பு ஹோல்டரைத் தொடாமல் ஒட்டுங்கள், இல்லாவிட்டால் ஷார்ட் ஆகும். சிவப்பு மூடி பிளாஸ்டிக் என்றால் சோப்புத் தண்ணீர் போதும், மேல் மங்கலுக்குப் பற்பசையால் தேய்க்கலாம். தின்னர், பெட்ரோல் கிட்டவே கொண்டுபோகாதீர்கள், மயிர்க்கோடுகளாக வெடித்துவிடும். மூடியின் ரப்பர் வாஷரையும் மாற்றுங்கள்.

சரி, எல்.இ.டி. பல்பு போட்டால் என்ன என்று கேட்பீர்கள். போடலாம். கரண்ட் மிகக் குறைவாக இழுக்கும் என்பதால் வோல்ட் தொலையும் பிரச்சினை தானாகவே குறையும், ரிலேகூடத் தேவைப்படாது. ஆனால் மூன்று விஷயம் பார்க்கவேண்டும். சிவப்பு மூடிக்குள் சிவப்பு எல்.இ.டி.தான் போடவேண்டும். வெள்ளை போட்டால் அதன் வெளிச்சத்தில் பெரும்பகுதியை மூடியே தடுத்துவிடும். இரண்டாவது, இழை பல்பு எல்லாப் பக்கமும் எரியும், பின்னாலிருக்கும் குழிக் கண்ணாடி அதை வாங்கித் திருப்பும். நுனியில் மட்டும் எரியும் எல்.இ.டி. போட்டால் மூடியின் நடுவில் ஒரு பொட்டு மட்டும் தெரியும், சுற்றி இருட்டு. பக்கவாட்டிலும் சில்லுகள் உள்ளதாக வாங்குங்கள். மூன்றாவது, அந்த வித்தியாசக் கணக்கு. ரிச்சி தெருவில் ஒரு கடையில் நான்கு வகை டபுள் பாயின்ட் எல்.இ.டி.யை 12 வோல்ட்டில் மாற்றி மாற்றிக் கொளுத்திக் காட்டச் சொன்னேன். இரண்டு வகையில் டெயிலுக்கும் பிரேக்குக்கும் பெரிய வேறுபாடே தெரியவில்லை. விலை அதிகமானது அதில் ஒன்று. கடைக்காரர் எதிரிலேயே இரண்டு பாயின்ட்டையும் கொளுத்திப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

அசல் பழைய பாகங்களோடு பாசிட்டிவ் எர்த்து (பேட்டரி பிளஸ் சேஸோடு சேர்ந்திருப்பது) வைத்திருக்கும் வண்டி என்றால் சாதாரண எல்.இ.டி. எரியாது. 6 வோல்ட் வண்டிக்கும் அதற்கென்று உள்ளதைத்தான் வாங்கவேண்டும்.

நான் கடைசியில் பழைய கூட்டில் இழை பல்பையே விட்டுவிட்டேன். அந்தச் சூடான சிவப்பு இந்த வண்டிக்குப் பொருந்துகிறது. எல்.இ.டி.யை வேறொரு இடத்துக்கு ஒதுக்கினேன்.

ஏழாவது: மூன்றாவது விளக்கு

லாரி டிரைவரின் பிரச்சினைக்கு இதுவரை செய்த எதுவும் பதில் இல்லை. அவர் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் ஒரு விளக்கு வேண்டும்.

1974-இல் ஜான் வோவோட்ஸ்கி என்ற உளவியலாளர் சான் பிரான்சிஸ்கோவில் 343 டாக்சிகளுக்குப் பின் கண்ணாடியின் அடியில் நடுவாக ஒரு பிரேக் விளக்கு மாட்டிப் பார்த்தார். அந்த டாக்சிகளைப் பின்னாலிருந்து இடிப்பது 60 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. அமெரிக்காவில் 1986 மாடல் கார்களிலிருந்து இது கட்டாயமாயிற்று. எல்லா காரிலும் வந்து கண்ணுக்குப் பழகிய பிறகு பலன் 4.3 சதவீதம்தான் என்று 1998-இல் அந்நாட்டு சாலைப் பாதுகாப்புத் துறையே கணக்கிட்டது. இதைப் பார்த்து "அவ்வளவுதானா" என்று சிலர் கேட்கிறார்கள். எனக்கு வேறு மாதிரி தோன்றுகிறது. இன்று முன்னால் போகும் காரில் கண் தானாக அந்த மேல் விளக்கைத்தான் தேடுகிறது. அது இல்லாத நம் வண்டி பிரேக் போடாத வண்டிபோலத் தோன்றும்.

எல்.இ.டி.யை இங்கே போட இன்னொரு காரணமும் உண்டு. இழை பல்பு முழு வெளிச்சத்துக்கு வர ஏறக்குறைய 0.2 வினாடி ஆகும், எல்.இ.டி. உடனே எரியும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் 0.2 வினாடி என்பது 2.8 மீட்டர். ஒரு ஆட்டோ நிற்கும் இடம்.

இடம் தேர்வுதான் தலைவலி. திறந்த வண்டி, பின் கண்ணாடி கிடையாது, நடுவில் ஸ்டெப்னி. ஸ்டெப்னியின் நடுவில் வைத்தால் லாரி டிரைவருக்கு மறுபடி மறையும். 3 மில்லிமீட்டர் தடிமன் உலோகப் பட்டையை வளைத்து ஸ்டெப்னி பிராக்கெட்டில் இறுக்கி, டயருக்கு மேலே எட்டிப் பார்க்கும்படி, தரையிலிருந்து 115 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு ஒல்லியான எல்.இ.டி. பட்டையை வைத்தேன். வாங்கும்போது வட்டத்துக்குள் ஆங்கில E எழுத்தும் ஒரு எண்ணும் பதித்ததா என்று பாருங்கள், ஐரோப்பியச் சோதனையில் தேறியதன் அடையாளம் அது. உறையைக் கறுப்பு அடித்துவிட்டால் எரியாதபோது இருப்பதே தெரியாது. பட்டைக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவில் ரப்பர் புஷ் வையுங்கள், அதிர்வில் சால்டர் விட்டுப்போகாது. வயர் பாடியைத் துளைக்கும் இடத்திலும் ரப்பர் வளையம் அவசியம்.

இணைப்பு ரிலேயின் 87-லிருந்து. எர்த்து, மற்ற இரண்டும் போகும் அதே சேஸ் இடத்துக்கு. அமெரிக்க ஜாடை வண்டிகளில் சிலவற்றில் ஒரே சிவப்பு இழையே பிரேக்குக்கும் இண்டிகேட்டருக்கும் எரியும். அங்கே விளக்குக்குப் போகும் வயரிலிருந்து எடுத்தால் மூன்றாவது விளக்கும் இண்டிகேட்டரோடு மினுக்கும். பிரேக் சுவிட்சை விட்டு வரும் வயரிலேயே, இண்டிகேட்டர் சுவிட்சுக்குப் போகும் முன்பே எடுங்கள்.

எட்டாவது: புருவம்

சாயங்காலம் ஐந்து மணிக்கு மணலியிலிருந்து திருவொற்றியூருக்குக் கிழக்கு நோக்கி வந்தால் சூரியன் நேராக நம் பின் விளக்கில் அடிக்கும். உள்ளே ஒட்டிய அலுமினியம் அதை வாங்கித் திருப்பும், பிரேக் போடாமலே விளக்கு எரிவதுபோல இருக்கும். விளக்கின் மேல் விளிம்பில் தகரத்தில் ஒரு சின்னப் புருவம் வைத்தால் கொஞ்சம் மட்டுப்படும். பழைய கார்களிலும் ஹெட்லைட்டுக்கு இப்படி வைப்பார்கள், அழகும் கெடாது.

ஆனால் புருவம் நீளமானால் உயரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு விளக்கை மறைக்கும். 12 மில்லிமீட்டர் நீட்டினால் 25 டிகிரி மேலிருந்து பார்ப்பவருக்குக் கண்ணாடியில் 6 மில்லிமீட்டர்கூட மறையாது. அதற்கு மேல் நீட்டாதீர்கள். பக்கவாட்டிலும் இறக்காதீர்கள், பக்கத்து லேனில் வரும் பைக்குக்குத் தெரியவேண்டும்.

சோதித்துப் பார்க்க

மொபைலில் வீடியோ எடுத்தால் கேமரா தானே வெளிச்சத்தைச் சரிசெய்துகொண்டு ஏமாற்றும். திரையை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டிவிட்டு, டெயில் மட்டும் ஒரு படம், பிரேக்கோடு ஒரு படம் எடுங்கள். அப்புறம் முப்பது நாற்பது அடி எடுத்துவைத்துத் தள்ளி நின்று கண்ணாலும் பாருங்கள், உச்சி வெயிலில் ஒருமுறை, ராத்திரி டெயில் எரியும்போது ஒருமுறை. கடைசியாக உயரத்திலிருந்து. லாரி கிடைக்காவிட்டால் வீட்டு முதல் மாடிப் பால்கனி போதும்.

அன்றாடம் பார்க்க ஆள் தேவையில்லை. ராத்திரி ஏதாவது கடையின் மூடிய ஷட்டருக்கு முன்னால் வண்டியைப் பின்னுக்கு விட்டு, பிரேக்கை அழுத்திவிட்டுக் கண்ணாடியில் பார்த்தால் ஷட்டரில் மூன்று சிவப்பு தெரியும். இரண்டு இருந்தால் எது போயிற்று என்று இறங்கிப் பாருங்கள்.

மொத்தச் செலவு இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. முடியாத ஒன்று ஜோடனைக்காரர்கள். மல்லிகைச் சரத்தை மட்கார்டு வளைவோடு இறக்கிக் கட்டினால் விளக்கு இரண்டும் பூவுக்குள் போய்விடும், பெயர்ப் பலகையைக் கட்ட அவர்களுக்குக் கிடைக்கும் ஒரே இடம் என் மூன்றாவது விளக்குப் பட்டை. போன வாரம் வண்ணாரப்பேட்டையில் ஒரு பையனிடம் சொல்லிப் பார்த்தேன். "அண்ணா, லைட்டு மேல கட்டுனா பூ செவப்பா எரியும், சூப்பரா இருக்கும்ணா," என்றான். இப்போது சரம் நிற்கவேண்டிய இடத்தில் மட்கார்டில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டுத்தான் வண்டியை அவர்களிடம் விடுகிறேன்.